முதல் பாட்டிலின் நீர்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை பத்தே காலுக்குச் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். பத்தொன்பது நாள் பயணம். வங்காள விரிகுடாவின் வடபகுதியில் பதினாறு இடங்களில் கப்பலை நிறுத்தி, மேற்பரப்பிலிருந்து கடலடி வரை பல ஆழங்களில் நீர் எடுக்க வேண்டும். அந்த நீரில் நுண்ணுயிர்கள் எத்தனை, அவை தின்பதற்குக் கரிமப் பொருள் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். யாராவது கேட்டால் அம்மா, "கடல் தண்ணியில பூச்சி எண்றா" என்பாள். அதில் பிழை ஒன்றும் இல்லை.

அறையில் கூட இருப்பவள் பிலோமினா. நீரின் உப்பையும் ஆக்சிஜனையும் அளப்பவள். மேல் படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தலைமை விஞ்ஞானி கோமதிநாயகம் சார். திருநெல்வேலிக்காரர், அதிகம் பேசமாட்டார்.

நீர் எடுக்கும் கருவியை இயக்க வழக்கமாக வருபவருக்குக் குடல்வால் ஆபரேஷனாம். பதிலுக்குப் பரங்கிப்பேட்டை நிஜாமுதீனை அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்தவர்தான். முன்பு ஒரு பயணத்தில் வந்திருக்கிறார்.

மதியம் சாப்பிடவில்லை. கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 4, புதன்

ஆய்வகத்தில் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டினேன். நுண்ணோக்கி, வடிகட்டும் பம்பு, வடிதாள் பெட்டிகள், கையுறைகள். கையுறை மட்டும் இந்த முறை நான்கு பெட்டி கொண்டுவந்திருக்கிறேன். பிலோமினா சிரித்தாள்.

பின்தளத்தில் நிஜாமுதீனைப் பார்த்தேன். நாற்பத்தேழு வயதிருக்கும். தாடி நரைத்துவிட்டது. அவரே முதலில் பேசினார்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"நல்லா இருக்கேன் பாய். நீங்க?"

"அல்லா புண்ணியத்துல இருக்கேன். ரெண்டு வருஷமா மரக்காணம் பக்கம் இறால் பண்ணையில மோட்டார் பாத்துக்கிட்டு இருந்தேன். கப்பலுக்குத் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நெனைக்கவே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "இந்தத் தடவை தப்பு வராது மேடம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அழுத்துவேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை கிடந்தது.

ஆய்வகத்திலிருந்து உணவுக்கூடத்துக்குக் கன்ட்ரோல் ரூம் வாசல் வழியாகப் போவது பக்கம். நான் மேல்தளம் ஏறிச் சுற்றிக்கொண்டு போகிறேன். காற்று வாங்கின மாதிரி இருக்கும்.

பிப்ரவரி 6, வெள்ளி

முதல் ஸ்டேஷன். நாங்கள் நீர் எடுக்க நிற்கும் இடத்துக்கு அப்படித்தான் பெயர்.

கருவி என்பது இருபத்து நான்கு பெரிய பாட்டில்களை வட்டமாகப் பூட்டிய ஒரு இரும்புச் சட்டம். பாட்டில்கள் மேலும் கீழும் வாய் திறந்தபடி கடலடிக்குப் போகும். வின்ச் என்ற கம்பிச் சுருள் இயந்திரத்தால் மேலே இழுக்கும்போது வேண்டிய ஆழங்களில் நிறுத்தி, கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் அடியில் மூடுவது முதல் பாட்டில். இம்முறை கலங்கல் அளக்கும் கருவி ஒன்றும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

நிஜாமுதீன் பொத்தானை அழுத்துமுன் ஒலிபெருக்கியில் சொல்கிறார்: "முதல் பாட்டில், ஆயிரத்து எண்ணூறு மீட்டர், மூடப் போறேன்." பிறகு, "மூடியாச்சு." இருபத்து நான்கு பாட்டிலுக்கும் இப்படியே. வேறு யாரும் இப்படிச் செய்து நான் கேட்டதில்லை. கப்பல் முழுக்கக் கேட்கிறது.

நாள் முழுவதும் வடிகட்டி, சாயமேற்றி, எண்ணினேன். மேற்பரப்பில் ஒரு மில்லிலிட்டரில் ஒன்பது லட்சம். இருநூறு மீட்டரில் இரண்டு லட்சம். ஆயிரத்தில் எண்பதாயிரம். ஆயிரத்து எண்ணூறில் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இருக்க வேண்டியபடி இருக்கிறது. மேலே வெயில் விழும் இடத்தில்தான் பாசி வளர்கிறது. அங்கே செத்ததும் கழிந்ததும் துகளாகக் கீழே இறங்கும். இறங்குகிற வழியிலேயே நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். ஆயிரம் மீட்டரைத் தாண்டிப் போய்ச் சேருவது நூறில் ஐந்தாறு பங்குகூட இருக்காது. அடியில் இருப்பவை அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு, குளிரில், அவசரமில்லாமல் வாழ்கின்றன. பதினோரு வருடம் ஆகியும் இந்தக் கணக்கு எனக்குச் சலிக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

"என்ன பொற்கொடி, சாப்பாடே இறங்கல போல" என்றாள் பிலோமினா. கடல் ஆட்டம் என்றேன். அவள் வட்டச் சன்னல் வழியே வெளியே பார்த்தாள். கடல் அசையாமல் கிடந்தது. தன் தயிர்சாதத்தைத் தின்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மூன்றாவது, நான்காவது ஸ்டேஷன். எண்பத்திரண்டு வடிதாள்கள். தோள்பட்டை வலி.

பிப்ரவரி 9, திங்கள்

மதியச் சாப்பாட்டில் பிலோமினா, கோமதிநாயகம் சார், நான் ஒரு மேஜையில். நிஜாமுதீன் தட்டோடு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார். நாளை ஆறாவது ஸ்டேஷன் என்று சார் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் நானும் நிஜாமுதீனும் வந்த பயணத்தில் கப்பல் நின்ற அதே இடம்.

நிஜாமுதீன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்கதான் சார் நான் தப்பு பண்ணேன்" என்றார்.

சாரும் பிலோமினாவும் அந்தப் பயணத்தில் வரவில்லை. என்ன தப்பு என்று பிலோமினா கேட்டாள்.

"முதல் பாட்டிலை ஆயிரத்து எண்ணூறுல மூடணும். அழுத்தினேன்னுதான் லாக் புக்குல எழுதியிருக்கேன். ஆனா அழுத்தல போல. மேல வர்ற வழியில, அறுபது மீட்டர்ல எப்பவோதான் மூடியிருக்கு. மேல் தண்ணியைக் கீழ்த் தண்ணின்னு மேடத்துக்குக் குடுத்துட்டேன். அவங்க எண்ணிப் பாத்தா எட்டு மடங்கு அதிகமா வருது. பாவம், ரெண்டு நாள் குழம்பிப்போனாங்க." அவர் எனக்காக வருத்தப்பட்டார். "அன்னிக்குக் காலையிலதான் வாப்பாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு சேதி வந்துச்சு. மனசு அங்க இருந்துச்சு. கை இங்க இருந்துச்சு. நாங்க கரைக்கு வர்றதுக்குள்ள அவரும் போயிட்டாரு."

சார், "வருத்தந்தான்" என்றார்.

பிலோமினா விடவில்லை. "அழுத்தலன்னு எப்படி உறுதியா சொல்றாங்க? அந்தப் பாட்டில்ல உப்பு பாத்திருப்பாங்களே. நம்ம கடல்ல மேல் தண்ணிக்கும் கீழ்த் தண்ணிக்கும் உப்பு நல்லா வித்தியாசப்படும். ஒரு ரீடிங் போதும், எங்க மூடுச்சுன்னு தெரிஞ்சிடும்." என் பக்கம் திரும்பினாள். "அந்த ஷீட் வந்ததா பொற்கொடி?"

"தேடிப் பாக்கணும்" என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆறாவது ஸ்டேஷன். முதல் பாட்டில், ஆயிரத்து எண்ணூறு மீட்டர்: நாற்பத்தாறாயிரம். இயல்பான எண். வடிதாள் வெள்ளையாக இருந்தது. இரண்டாம் முறை சட்டத்தை இறக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். நாற்பத்தேழாயிரம்.

ஆக, இரண்டு வருடத்துக்கு முன் வந்த நான்கு லட்சம் பிழைதான் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒலிபெருக்கியில் நிஜாமுதீன், "மேடம், இந்தத் தடவை சரியா வந்துச்சுங்களா?" என்று கேட்டார். சரியாக வந்தது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நிம்மதியாக இருந்தது என்று எழுத உட்கார்ந்தேன். வேண்டாம்.

பிப்ரவரி 11, புதன்

ஏழாவது ஸ்டேஷனுக்குப் பயணம். நீர் எடுக்கும் வேலை இல்லை. துணி துவைத்தேன். பம்பின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். பிலோமினாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன்.

அந்த ஷீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. மடிக்கணினியில் 'இதர' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் அந்த ஒரு கோப்பு மட்டும்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று முதல் பாட்டிலின் நீரை வடிகட்டியபோது வடிதாள் பழுப்பாக இருந்தது. எண்ணினால் நான்கு லட்சம். என் வலது கையுறை கிழிந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். வடிதாள் பெட்டியும் முந்தின நாளே திறந்தது. நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதைய தலைவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், யாருடைய பிழை இது என்று கேட்டார். "பாட்டில் சரியா மூடலையோ என்னவோ சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் அறிக்கையில் 'என்னவோ' இல்லாமல் எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். நிஜாமுதீனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

கரைக்கு வந்த பதினோராவது நாள் உப்பு அளவுகள் மின்னஞ்சலில் வந்தன. முதல் பாட்டில்: 34.77. அறுபது மீட்டர் நீர்: 33.6. அதாவது பாட்டில் ஆயிரத்து எண்ணூறு மீட்டரில்தான் மூடியிருக்கிறது. அவர் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறார். அப்படியானால் மிச்சமிருப்பது என் கை. என் கட்டுரை ஒன்று அப்போது பரிசீலனையில் இருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்தேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரிகளைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்து என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

மாலை நான்கு மணிக்குப் பின்தளத்துக்குப் போனேன். எட்டாவது ஸ்டேஷனுக்குச் சட்டத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"பாய், ஒரு ரெண்டு நிமிஷம்."

"சொல்லுங்க மேடம்."

"அன்னிக்கு அந்த முதல் பாட்டில் ஆயிரத்து எண்ணூறுலதான் மூடியிருக்கு. நீங்க சரியாத்தான் அழுத்தியிருக்கீங்க. தப்பு உங்க மேல இல்ல."

அவர் பாட்டில் மூடியின் கயிற்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே, "யாரு சொன்னா?" என்றார்.

"உப்பு அளவு சொல்லுது. அந்த ஷீட் என்கிட்ட இருக்கு."

"எப்பக் கெடைச்சுது?"

நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாயில் வந்து நின்றது.

"ரெண்டு வருஷம் முன்னாடியே. திரும்பி வந்து பதினோராவது நாள்."

அவர் அடுத்த பாட்டிலுக்குப் போனார். அதற்கடுத்ததற்குப் போனார். இருபத்து நான்கையும் முடிக்கும் வரை நான் அங்கேயே நின்றேன். கடைசிக் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, "வின்ச் ஆளு காத்துக்கிட்டு நிக்கிறாரு மேடம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 13, வெள்ளி

"முதல் பாட்டில், ஆயிரத்து எழுநூறு மீட்டர். மூடியாச்சு." ஒலிபெருக்கியில் இதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பார்த்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

இன்று கன்ட்ரோல் ரூம் வாசல் வழியாகவே போனேன்.

பிப்ரவரி 14, சனி

கோமதிநாயகம் சாரிடம் சொன்னேன். ஷீட்டையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார்.

"இத ஏன் இப்ப சொல்லுதீக?"

"அவர் இங்க இருக்கறதால சார். இல்லேன்னா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்."

"ஒங்க பதவி உயர்வு ஃபைல் மேல இருக்கு. விளக்கம் கேப்பாவ."

"கேக்கட்டும் சார்."

"அந்த நாலு லட்சம்? அது ஒங்க கையினாலயா?"

"இருக்கலாம். தெரியல சார். இங்க மறுபடி எடுத்தப்ப இயல்பாத்தான் வந்துச்சு."

அவர் ஷீட்டை மூன்றாம் முறையும் பார்த்தார். பிறகு, "திருத்தக் கடிதம் எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடுதேன். மொதல்ல அந்த மனுசனுக்குக் காட்டணும்" என்றார்.

அறைக்கு வந்து பிலோமினாவிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய் இரண்டு முட்டை தோசை வாங்கிவந்து முன்னால் வைத்தாள். இரண்டையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் ஆய்வகக் கதவைத் தட்டிவிட்டு நிஜாமுதீன் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்த ஷீட்டை நான் பாக்கலாமா?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். முதல் பாட்டிலுக்கு நேராக விரலை வைத்து எண்ணைப் படித்தார். பிறகு கீழே ஒவ்வொரு வரியாக அறுபது மீட்டர் வரை படித்துக்கொண்டு போனார்.

"முப்பத்தி நாலு புள்ளி ஏழு ஏழு."

"ஆமா பாய்."

"அப்ப நான் அழுத்தியிருக்கேன்."

"சரியா அழுத்தியிருக்கீங்க."

அவர் திரையைப் பார்த்தபடியே பேசினார். குரலை உயர்த்தவில்லை. "வாப்பா மௌத்தானப்ப என்னால அழ முடியல மேடம். அவரை நெனைச்சுக்கிட்டு இருந்ததாலதானே கை தப்பிப்போச்சு, பேரு கெட்டுப்போச்சுன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவரு மேலயே கோவம் வந்துச்சு. செத்தவர் மேல. இதை வீட்டுல சொல்ல முடியுமா? ஜமீலாகிட்டகூட சொல்லல. மோட்டார் ரூம்ல ஒக்காந்து ரெண்டு வருஷம் இதையே நெனைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரு போன் பண்ணியிருந்தாப் போதும்."

"ஆமா."

"ஒரே ஒரு போன்."

"ஆமா பாய். மன்னிச்சிடுங்க."

"அதை அப்புறம் பாக்கலாம்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, அந்தப் பக்கத்தை ஒரு தாளில் அச்சடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

சற்று நேரம் கழித்துப் பின்தளத்துப் பக்கம் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றிருந்தார். தோள் குலுங்கியது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

பன்னிரண்டாவது ஸ்டேஷன். எல்லாம் இயல்பு. நாற்பத்தெட்டாயிரம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பதின்மூன்றாவது ஸ்டேஷன், காலை ஒன்பதரை. ஆறாவது ஸ்டேஷனுக்கு அடியில் ஓடும் கடலடிப் பள்ளத்தாக்கு இங்கும் வருகிறது. கடலடி ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது மீட்டர்.

நான் ஆய்வகத்தில், நீர் பிடித்து வைக்கும் சிறு புட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி: "பொற்கொடி மேடம், கன்ட்ரோல் ரூமுக்கு வாங்க. சீக்கிரம் வாங்க."

ஓடினேன். நிஜாமுதீன் சட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார். திரையில் கலங்கல் கோடு ஆயிரத்து எழுநூற்று அறுபது மீட்டர் வரை நேராக இறங்கியிருந்தது. அதற்குக் கீழே வலப்பக்கம் வளைந்து ஏறியிருந்தது.

"கருவி கெட்டுப்போச்சோன்னு இருபது மீட்டர் மேல தூக்கிப் பாத்தேன். தெளிஞ்சிடுச்சு. திரும்ப எறக்கினா திரும்பக் கலங்குது. கீழ என்னமோ இருக்கு மேடம்."

"எங்க எங்க மூடலாம் பாய்?"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு வின்ச் ஆளிடம் பேசினார். பத்துப் பத்து மீட்டராக இறக்கி, கடலடிக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது நிறுத்தினார். நான்கு பாட்டில்களைக் கலங்கலுக்குள்ளேயும், இரண்டை அதற்கு மேலேயும் மூடினோம். ஒவ்வொன்றையும் வழக்கம்போல் உரக்கச் சொன்னார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துச் சட்டம் மேலே வந்தது. அதற்குள் கோமதிநாயகம் சாரும் பிலோமினாவும் தளத்துக்கு வந்துவிட்டார்கள். புதுக் கையுறை போட்டு, புதுப் பெட்டி பிரித்து, பிலோமினாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முதல் பாட்டிலை வடிகட்டினேன். வடிதாள் டீ வடிகட்டின துணி மாதிரிப் பழுப்பானது. மேலே மூடிய இரண்டும் வெள்ளை.

சாரின் எண்ணம் இது: ஆற்று முகத்துவாரத்தில் சேர்ந்த சேறு எப்போதாவது சரிந்து, பள்ளத்தாக்கு வழியாகக் கடலடியை ஒட்டி ஓடும். கூடவே இலை, தழை, மக்கு எல்லாவற்றையும் இழுத்து வரும். மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக வரும் இரைக்குப் பழகிய இடத்தில் திடீரென்று ஒரு சாப்பாட்டு வண்டி வந்து நிற்கிற மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன் அது ஆறாவது ஸ்டேஷனில் ஓடியிருக்கலாம். இந்த வாரம் அங்கே இல்லை. இங்கே இருக்கிறது. இன்னும் உறுதியாக எழுத முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனால் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார்.

பிப்ரவரி 18, புதன்

முதல் பாட்டில்: மூன்று லட்சத்து எண்பதாயிரம். இரண்டாவது: மூன்று லட்சத்து அறுபதாயிரம். பிலோமினா அளந்த உப்பு: 34.77, 34.77.

மூன்று முறை எண்ணினேன். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிலோமினா, "அப்ப அன்னிக்கும் உன் கை கெடுக்கலடி" என்றாள். ஆமாம் என்றேன். அவர் கையும் இல்லை, என் கையும் இல்லை. இது தெரிவதற்கு முன்பே சொல்லிவிட்டேன் என்பதுதான் எனக்கு இப்போது ஆறுதல். ஒரு வாரம் பொறுத்திருந்தால் நல்லவளாகவே தப்பித்திருப்பேன்.

நிஜாமுதீனைக் கூப்பிட்டு அனுப்பினேன். எண்களைச் சொன்னேன். கேட்டுவிட்டு நின்றார். பிறகு, "இதுல பாக்கலாமா?" என்று நுண்ணோக்கியைக் காட்டினார்.

தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். விளக்கை அணைத்தேன். வெகுநேரம் நிமிரவில்லை.

"பச்சைப் பச்சையாப் புள்ளி. நெறைய இருக்கு."

"எல்லாம் உயிர்."

"எல்லாமா?"

"எல்லாமே."

"குறுக்க ஒண்ணு கோடு கோடா இருக்கே?"

"இலை நரம்பு. ஏதோ ஒரு கரையில இருந்த மரம். அதைச் சுத்திக் கூட்டமா இருக்கு பாருங்க, தின்னுக்கிட்டு இருக்கு."

"ரெண்டு கிலோமீட்டர் அடியில." அவர் சிரித்தது கேட்டது. "பத்தொம்பது வருஷமாத் தண்ணி எடுத்துக் குடுக்கிறேன் மேடம். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் காட்டினது இல்ல."

அடுத்த வடிதாளையும் வைக்கச் சொன்னார். அதற்கடுத்து மேற்பரப்பு. அதற்கடுத்து ஆயிரம் மீட்டர். அங்கே புள்ளிகள் குறைவாக இருப்பதைப் பார்த்து, "இவங்கதான் பாவம்" என்றார். ஒரு மணி நேரம் இருந்தார். டீ குடித்தோம்.

பிப்ரவரி 19, வியாழன்

கடைசி இரண்டு ஸ்டேஷனும் முடிந்தன. முப்பத்தொரு வடிதாள்கள் பாக்கி.

பிப்ரவரி 20, வெள்ளி

திருத்தக் கடிதத்தை எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். அறிக்கையில் குறிப்பிட்ட பிழை நடக்கவில்லை. கருவியை இயக்கியவர் தம் பணியைச் சரியாகச் செய்தார். இதைக் காட்டும் அளவு என்னிடம் இரண்டு வருடமாக இருந்தும் நான் தெரிவிக்கவில்லை. கடைசி வாக்கியத்தைச் சார் இன்னும் மென்மையாக எழுதலாம் என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அவரும் கையெழுத்திட்டார்.

நிஜாமுதீனுக்குத் தமிழில் சொல்லிப் படித்துக் காட்டினோம். கேட்டு முடித்து, "கடைசி வரியைப் போட்டிருக்க வேண்டியதில்ல" என்றார். பிறகு, "போட்டது நல்லதுதான்" என்றார்.

செயற்கைக்கோள் வழியாக நாளைக் காலை கரையில் உள்ள எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புகிறார் சார்.

பிப்ரவரி 21, சனி

காலை எட்டு மணி வாக்கில் கரை தெரிந்தது. செல்போனில் சிக்னல் வந்ததும் எல்லோரும் தளத்துக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு மூலையில் நின்று பேசினார்கள். அம்மாவிடம் பேசினேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

நிஜாமுதீன் என்னைத் தேடி வந்து தன் போனை நீட்டினார். "ஜமீலா பேசணுங்குது. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் மேடம்." அவர் கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

வாங்கிக் காதில் வைத்தேன்.

"மேடம், நான் ஜமீலா பேசறேன். உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கடுதாசியில இவரு பேரை எப்படிப் போட்டிருக்கீங்க?"

"நிஜாமுதீன்னு போட்டிருக்கேம்மா."

"இன்ஷியல்?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. போடவில்லை போலிருக்கிறது என்றேன்.

"எங்க தெருவுல மட்டும் மூணு நிஜாமுதீன் இருக்காங்க. ஆபீஸ்காரங்க எந்த நிஜாமுதீன்னு கேப்பாங்க, இன்னொரு ஆறு மாசம் இழுப்பாங்க. எஸ். நிஜாமுதீன்னு போடுங்க. எஸ்ஸுன்னா சுல்தான். எங்க மாமா பேரு, இவங்க வாப்பா. அது இல்லாம அந்தக் கடுதாசி வேண்டாம்."

"இப்பவே மாத்தறேம்மா."

"மாத்திட்டு அவருகிட்டக் காட்டுங்க. படிச்சுட்டு எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். நிஜாமுதீன் சங்கடத்தோடு, "அது அப்படித்தான் மேடம், எதையும் விடாது" என்றார்.

"சரியாத்தான் சொல்றாங்க. வாங்க."

இருவரும் கோமதிநாயகம் சாரின் அறைக்குப் போனோம். கடிதம் போய் அரைமணி ஆகிவிட்டது என்றார் சார். விஷயத்தைச் சொன்னதும், "அது வேணும்லா" என்று எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். கடிதத்தில் நிஜாமுதீனின் பெயர் நான்கு இடத்தில் வந்திருந்தது. நான்கிலும் முன்னால் எழுத்தைச் சேர்த்தேன். நிஜாமுதீன் என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொன்றாகத் தம் வாப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். நான்காவது முறை சொல்லிவிட்டு, "சரியா இருக்கு, அனுப்புங்க" என்றார்.

சார் அனுப்பினார். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.